டெஸ்க்டாப்பின் அழகும் மூடிய இயக்கிகளும்

கணினித் திரையில் ஒரு சாளரத்தைச் சுட்டியால் பிடித்து இழுக்கும்போது அது நடுங்காமலும் கிழிந்து தோன்றாமலும் நகர வேண்டுமானால், பயனர் கண்ணில் படாத பல அடுக்கு மென்பொருள்கள் ஒன்றோடொன்று இசைந்து நொடிக்கு 60 முறையாவது படத்தை வரைந்து முடித்தாக வேண்டும். விண்டோஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் இவ்வடுக்குகளில் பெரும்பாலானவை நிறுவனங்களின் உடைமையாக இருப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று பயனர் கேட்பதும் இல்லை, கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, அடித்தளமாகக் கொண்ட கட்டற்ற மென்பொருள் உலகில் நிலைமை வேறு. அங்கே டெஸ்க்டாப் எப்படித் தோன்ற வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம், அந்தத் தோற்றத்தை வரைந்து தரும் வரைகலை இயக்கி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்கிறது. முன்னது அழகைப் பற்றியதாகவும் பின்னது உரிமையைப் பற்றியதாகவும் தோன்றினாலும், கடந்த முப்பது ஆண்டுக்கால நிகழ்வுகளைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு, இரண்டையும் பிரித்து வைத்துப் பேசியவர்களே மிகுதியாக ஏமாந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஒரு நிரலை விரும்பிய நோக்கத்துக்குப் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் படித்து ஆராயவும், தேவைக்கேற்ப மாற்றவும், மாற்றியோ மாற்றாமலோ பிறருக்கு வழங்கவும் பயனருக்கு உரிமை அளிக்கும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்துத் தொடங்கிவைத்த இயக்கம் இவ்வுரிமைகளை வலியுறுத்துகிறது. தனியுரிம மென்பொருளில் எந்திரம் படிக்கும் இருமக் கோப்பு மட்டுமே பயனரின் கைக்கு வரும். மனிதர் எழுதிய மூலநிரல் நிறுவனத்திடமே தங்கிவிடும். இயக்கி, அதாவது டிரைவர், குறிப்பிட்ட ஒரு வன்பொருளின் இயல்பை அறிந்து, இயங்குதளத்தின் கட்டளைகளை அதற்குப் புரியும்படி எடுத்துச்செல்லும் நிரல். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் உரிய இயக்கிகள் சிறியவை, அவற்றில் மறைக்கவும் ஒன்றுமில்லை. வரைகலைச் செயலியின் இயக்கியோ தனியொரு இயங்குதளம் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெரியது. அதன் ஒரு பகுதி கெர்னலுக்குள் அமர்ந்து நினைவகத்தையும் மின்திறனையும் திரையின் அமைப்பையும் நிர்வகிக்கிறது. மற்றொரு பகுதி கெர்னலுக்கு வெளியே இருந்துகொண்டு, ஓபன்ஜிஎல், வல்கன் போன்ற பொதுத் தரங்களில் எழுதப்பட்ட கட்டளைகளைச் செயலியின் சொந்தக் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. மூன்றாவதாக, செயலியின் உள்ளேயே ஏற்றப்படும் நிலைப்பொருள், அதாவது ஃபர்ம்வேர், இருக்கிறது. இம்மூன்றில் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதே இங்கு விவரிக்கப்படும் வாதங்கள் பெரும்பாலானவற்றின் உட்பொருள்.

நிறுவனங்கள் மூடிவைப்பதற்குச் சொல்லும் காரணங்களில் சில நியாயமானவை. வரைகலைத் துறையில் காப்புரிமைகள் அடர்ந்து கிடப்பதால், மூலநிரலை வெளியிட்டால் அதைப் படிக்கும் போட்டியாளர் வழக்குத் தொடுக்கக்கூடும் என்ற அச்சம் பொய்யன்று. இயக்கியின் சில பகுதிகள் வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்று வாங்கியவையாக இருப்பின், அவற்றை வெளியிடும் அதிகாரமே இவர்களுக்கு இராது. வெளிப்படையாகப் பேசப்படாத காரணமும் ஒன்று உண்டு. விளையாட்டுப் பிரியர்களுக்கு விற்கப்படும் அட்டையையும், பொறியியல் வரைவாளர்களுக்குப் பன்மடங்கு விலையில் விற்கப்படும் அட்டையையும் வேறுபடுத்திக் காட்டும் வேலையில் ஒரு பங்கை இயக்கியே செய்கிறது. ஒரே குடும்பத்துச் சில்லைக் கொண்டு இரண்டு சந்தைகளை நடத்தும் நிறுவனம், அந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதை வாடிக்கையாளர் படித்தறிவதை விரும்பாது.

டெஸ்க்டாப் ஒன்று தனக்குக் கீழே உள்ள மூடிய மென்பொருளைச் சார்ந்து நிற்கலாமா என்ற வாதம், வரைகலை இயக்கிகளுக்கு முன்பே வேறொரு வடிவில் நடந்து முடிந்தது. 1996 அக்டோபரில் ஜெர்மானிய மாணவரான மத்தியாஸ் எட்ரிக், சாதாரணப் பயனர்களும் எளிதில் கையாளத்தக்க ஒரு பணிச்சூழலை உருவாக்கக் கேடிஈ திட்டத்தை அறிவித்தார். பொத்தான்களையும் பட்டிகளையும் வரைவதற்கு அவர் தேர்ந்தெடுத்த க்யூட்டி நிரலகம், நார்வேயைச் சேர்ந்த ட்ரோல்டெக் நிறுவனத்துக்குச் சொந்தமானது; காசில்லாமல் கிடைத்தாலும், அதை மாற்றி வெளியிடும் உரிமை அன்று பயனருக்கு இல்லை. இந்த முரணை ஏற்க மறுத்த மிகெல் டி இகாசா, ஃபெடரிகோ மேனா ஆகிய இரு மெக்சிகோ இளைஞர்கள் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். க்யூட்டி 2000 செப்டம்பரில் குனூவின் பொது உரிமத்தின் கீழ் வெளியானபோது வாதத்தின் அடிப்படையே மறைந்தது என்றாலும், இரு திட்டங்களும் தனித்தனியே வளர்ந்துவிட்டன. ஒரே வேலையை இரண்டு கூட்டத்தார் செய்வது வீண் என்று இன்றும் குறைகூறுவோர், எதிரே க்னோம் எழுந்திராவிட்டால் ட்ரோல்டெக் அவ்வளவு விரைவில் இறங்கி வந்திருக்குமா என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் இந்தப் பணிச்சூழல்கள் எல்லாம் திரையில் வரைவதற்கு, எம்ஐடியில் 1984இல் தோன்றிய எக்ஸ் விண்டோ சிஸ்டத்தையே நம்பியிருந்தன. செவ்வகங்களை நிரப்பவும் நகர்த்தவும் தெரிந்த எளிய இயக்கி அதற்குப் போதுமானதாக இருந்தது. முப்பரிமாண வரைகலை என்பது விளையாட்டுக்கும் பொறியியலுக்கும் உரிய தனிச்சரக்காகவே கருதப்பட்டது. என்விடியா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு வழங்கத் தொடங்கிய மூடிய இயக்கி, விண்டோஸ் இயக்கியோடு பெரும்பகுதி நிரலைப் பகிர்ந்துகொண்டதால் வேகத்திலும் அதற்கு நிகராக நின்றது. ஆகவே அதைப் பலர் மகிழ்ச்சியோடு ஏற்றனர். அதன் அமைப்பு விசித்திரமானது. முன்கூட்டியே தொகுக்கப்பட்ட பெரிய இருமக் கோப்பு ஒன்றும், அதைக் கெர்னலோடு ஒட்டவைக்கும் மெல்லிய திறந்த நிரல் ஒன்றும் சேர்ந்தே அந்த இயக்கி. லினக்ஸ் கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையாக இருக்கும் என்ற உறுதிமொழியை அதன் ஆக்குநர்கள் ஒருபோதும் தந்ததில்லை. தந்தால் பழைய பிழைகளையெல்லாம் என்றென்றும் சுமக்க நேரும் என்பது அவர்கள் வாதம். எனவே கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அந்த ஒட்டுப்பகுதியை மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. அது தவறினால் மறுநாள் காலையில் கணினி கருந்திரையோடு நின்றது. மூடிய கூறு ஒன்று ஏற்றப்பட்டால் கெர்னல் தன்னைத் தானே கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அப்படிக் குறிக்கப்பட்ட கணினியிலிருந்து வரும் பிழை அறிக்கையைக் கெர்னல் ஆக்குநர்கள் பொதுவாக ஏற்பதில்லை. தாங்கள் படிக்க முடியாத நிரல் செய்த குழப்பத்துக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்பதே அதற்குக் காரணம்.

மூடிய இயக்கியைச் சார்ந்த இந்த ஏற்பாடு டெஸ்க்டாப் வடிவமைப்போடு நேரடியாக மோதிய முதல் ஆண்டு 2006. நோவெல் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ரெவ்மன் அவ்வாண்டுத் தொடக்கத்தில் எக்ஸ்ஜிஎல், காம்பிஸ் ஆகியவற்றை வெளியிட்டார். ஒவ்வொரு சாளரமும் திரையில் நேராக வரையப்படாமல் நினைவகத்தில் தனிப்படமாக வரையப்பட்டு, பிறகு வரைகலைச் செயலியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே காட்சியாகக் காட்டப்படும் முறையை இவை கொண்டிருந்தன; இந்த அடுக்கும் வேலையைச் செய்யும் நிரலுக்குக் கம்போசிட்டர் என்று பெயர். டெஸ்க்டாப் ஒரு கனசதுரமாகச் சுழன்றது, சாளரங்கள் இழுபட்ட இடத்தில் களிமண்ணைப் போல் நெளிந்தன. மைக்ரோசாஃப்டின் விஸ்டா ஒளிபுகும் சாளரங்களோடு வரவிருந்த வேளையில், லினக்ஸ் அதை முந்திவிட்டது என்ற பெருமிதம் பரவியது. உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகத்தை வழிநடத்தியோர் 2007 ஏப்ரலில் வரவிருந்த 7.04 பதிப்பில் இவ்விளைவுகளை இயல்பாகவே இயக்க எண்ணி, அதற்குத் தேவையான கணினிகளில் தனியுரிம இயக்கிகளையும் தாமாகவே செயற்படுத்தத் திட்டமிட்டனர். கடும் எதிர்ப்பு எழுந்தது, விளைவுகளும் இன்னும் முதிராதிருந்தன, திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, மூடிய இயக்கி தேவைப்படும் வன்பொருளைக் கண்டறிந்து, அது மூடியது என்று எச்சரித்து, பயனர் விரும்பினால் மட்டும் நிறுவும் சிறு கருவி அப்பதிப்பில் இடம்பெற்றது. முடிவைப் பயனரிடம் விட்ட இந்த ஏற்பாடு நேர்மையானதே. ஆயினும் சுழலும் கனசதுரத்துக்காக ஒரு சமூகம் தன் அடிப்படைக் கொள்கையைத் தளர்த்தும் விளிம்புவரை சென்று மீண்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கொள்கையில் உறுதியாக நின்றவர்களுக்கும் அப்போது வசதியான இடம் இருக்கவில்லை. உபுண்டுவிலிருந்து மூடிய பகுதிகளை நீக்கி உருவாக்கப்பட்ட ஜி-நியூசென்ஸ் என்ற விநியோகத்தின் ஆக்குநர்கள், கட்டற்றவை என்று அனைவரும் நம்பியிருந்த வரைகலை நிரல்களிலேயே சிக்கலைக் கண்டனர். எக்ஸ் அமைப்பில் முப்பரிமாணத்தை இணைக்கும் நிரலின் சில பகுதிகளை சிலிகான் கிராபிக்ஸ் நிறுவனம் தன் சொந்த உரிமங்களின் கீழ் வழங்கியிருந்தது. அந்த உரிமங்கள் கட்டற்ற மென்பொருளுக்குரிய நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. 2008 செப்டம்பரில் அந்நிறுவனம் உரிமத்தை மாற்றித் தந்த பிறகே, கொள்கைக்கு முழுதும் இசைந்த முப்பரிமாண வரைகலை சட்டப்படி இயலக்கூடியதாயிற்று. சிடுமூஞ்சித்தனம் என்று பலர் எள்ளிய இந்தச் சொல்லுக்குச் சொல் பார்க்கும் பிடிவாதத்தின் பயனை இன்று எல்லாப் பயனர்களும் நுகர்கிறார்கள்.

காம்பிஸ் காலத்து விளைவுகளை வேண்டாதவர் அணைத்துவைக்க முடிந்தது. 2011 ஏப்ரலில் அந்த வாய்ப்பு குறுகிவிட்டது. அம்மாதத் தொடக்கத்தில் க்னோம் 3 வெளியானது. மாத இறுதியில் வந்த உபுண்டு 11.04 யூனிட்டி என்ற புதிய முகப்பைக் கொண்டுவந்தது. இரண்டுமே கம்போசிட்டரைத் தங்கள் உடலாகவே ஆக்கிக்கொண்டிருந்தன. சாளரங்களை அடுக்கும் நிரலும் பட்டிகளைக் காட்டும் முகப்பும் ஒன்றாகிவிட்டதால், முப்பரிமாண முடுக்கம் இல்லாத கணினியில் அம்முகப்பே இல்லை. வெளியே நடந்த சண்டை பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியதாகவே இருந்தது. பழகிய கீழ்ப்பட்டை எங்கே போயிற்று, சாளரத்தைச் சுருக்கும் பொத்தானை ஏன் எடுத்தார்கள், தொடுதிரைக்கு ஏற்ற வடிவத்தை மேசைக்கணினியில் ஏன் திணிக்கிறார்கள் என்ற கேள்விகள் எழுந்தன. லினக்ஸ் கெர்னலின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸே சினந்து எக்ஸ்எஃப்சிஈ என்ற எளிய சூழலுக்குச் சில காலம் இடம்பெயர்ந்தார். பழைய க்னோம் 2ஐத் தொடரும் மாட்டே, லினக்ஸ் மின்ட் குழுவின் சின்னமன் ஆகியவை இந்த அதிருப்தியிலிருந்தே பிறந்தன.

தோற்றத்தைப் பற்றிய கூச்சலில் அடிப்படைக் கேள்வி பலர் செவியில் விழவில்லை. கட்டற்ற இயக்கி சரியாக அமையாத அட்டையை வைத்திருந்தவர், புதிய டெஸ்க்டாப்பைக் காண வேண்டுமானால் மூடிய இயக்கியை நிறுவியாக வேண்டும் என்ற நிலை உருவாகியிருந்தது. கட்டற்ற டெஸ்க்டாப்பே தன் பயனரைத் தனியுரிம மென்பொருளை நோக்கித் தள்ளியது. மூடிய பகுதி எதையும் ஏற்காத ட்ரிஸ்க்வெல் விநியோகம், இதே காரணத்தால் க்னோம் 3இன் மாற்றுமுறையை, அதாவது முடுக்கம் இல்லாத கணினிகளுக்காக வைத்திருந்த எளிய வடிவத்தை, திருத்தியமைத்துப் பயன்படுத்தியது. அந்த மாற்றுமுறையும் 2013 மார்ச்சில் வெளியான க்னோம் 3.8இல் நீக்கப்பட்டது. இரண்டு முகப்புகளைப் பேணுவதற்குக் கைகள் போதவில்லை என்று ஆக்குநர்கள் சொன்ன காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்களிடம் இன்னொரு மடங்கு உழைப்பைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அவர்கள் மாற்றாகக் காட்டிய எல்எல்விஎம்பைப் என்ற நிரல், வரைகலைச் செயலியின் வேலையைக் கணினியின் மையச் செயலியைக் கொண்டே செய்து முடிப்பது. புதிய கணினியில் அது தாக்குப்பிடித்தது. பழைய மடிக்கணினியிலோ சாளரத்தைத் திறப்பதற்கே மையச் செயலியின் பெரும்பகுதி செலவாகி, வெப்பம் ஏறி, மின்கலம் விரைவில் தீர்ந்தது. வடிவமைப்பாளர் தம் வசதிக்காக எடுத்த முடிவின் செலவைக் குறைந்த வசதியுள்ள பயனர் சுமந்தார் என்ற குற்றச்சாட்டு இன்றளவும் மறுக்கப்படவில்லை. அதே வேளையில், முப்பரிமாணம் எல்லோருடைய அன்றாடத் தேவையாகிவிட்டதால், கட்டற்ற இயக்கிகளில் ஒளிந்துகிடந்த பிழைகள் ஒரேயடியாக வெளிப்பட்டுத் திருத்தப்பட்டதும் உண்டு. எதிர்பாராமல் விளைந்த நன்மை அது.

அந்தத் திருத்தம் இயன்றதற்கு முன்னரே இரண்டு நிறுவனங்கள் பாதையை மாற்றியிருந்தன. இன்டெல் தன் வரைகலைச் சில்லுகளுக்குக் கட்டற்ற இயக்கிகளைத் தானே எழுதத் தொடங்கியிருந்தது. ஏடிஐயை 2006இல் வாங்கிய ஏஎம்டி, மறுஆண்டு செப்டம்பரில் தன் செயலிகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்துச் செய்தும் காட்டியது. தொடக்கத்தில் அந்தக் கட்டற்ற இயக்கி மெதுவாகவே இயங்கியது. வேகம் வேண்டியோர் ஏஎம்டியின் மூடிய இயக்கியையே நாடினர். 2012இல் அந்நிறுவனம் ரேடியான் எச்டி 2000 முதல் 4000 வரையிலான அட்டைகளை மூடிய இயக்கியின் பழைய கிளைக்கு ஒதுக்கித் தள்ளியது. அவற்றுள் சில வாங்கி நான்கு ஆண்டுகூட ஆகாதவை. மூடிய இயக்கியை நம்பியிருந்தோர் புதிய விநியோகங்களுக்கு மாற முடியாமல் தவித்தபோது, கட்டற்ற இயக்கி அவ்வட்டைகளைத் தொடர்ந்து தாங்கியது. நிறுவனம் கைவிட்ட பொருளை வேறு யாராவது தூக்கிப் பிடிக்க முடியும் என்பதே மூலநிரல் திறந்திருப்பதன் நடைமுறைப் பயன். தத்துவத்தில் நாட்டமில்லாதவரும் இதை அட்டையின் விலையைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

என்விடியா அந்தப் பாதைக்கு வரவில்லை. அந்நிறுவனம் ஒருகாலத்தில் வழங்கிய என்வி என்ற இருபரிமாண இயக்கியின் மூலநிரல் பெயரளவில் திறந்திருந்தாலும், எவருக்கும் புரியாத எண்களின் குவியலாகவே இருந்தது. பிரான்சைச் சேர்ந்த ஸ்டெஃபான் மார்ஷெசின் அதைப் புரியும்படி திருத்தியெழுத முனைந்ததிலிருந்து நூவோ திட்டம் பிறந்தது. மூடிய இயக்கி இயங்கும்போது அது செயலியின் எந்தெந்தப் பதிவேட்டில் எதை எழுதுகிறது என்பதை வெளியிலிருந்து பதிவுசெய்து, ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டளையின் பொருளையும் ஊகித்தறிவதே அவர்கள் கையாண்ட முறை. 2010இல் வெளியான கெர்னல் 2.6.33இல் நூவோ இடம்பெற்றது. 2014 முதல் வந்த மேக்ஸ்வெல் இரண்டாம் தலைமுறைச் செயலிகளில் என்விடியா புதுத் தடையொன்றை வைத்தது: தன் மின்கையொப்பம் பெற்ற நிலைப்பொருளை மட்டுமே செயலியின் முக்கியப் பகுதிகள் ஏற்கும். செயலியின் கடிகார வேகத்தை உயர்த்துவதற்குரிய நிலைப்பொருளை அந்நிறுவனம் வெளியிடவில்லை. கணினி தொடங்கும்போது அமையும் மிகக் குறைந்த வேகத்திலேயே அந்த அட்டைகள் நூவோவின் கீழ் முடங்கிக் கிடந்தன. அறிவைக் கொண்டு திறக்கக்கூடியதாக இருந்த கதவு, அதன்பின் கையொப்பத்தைக் கொண்டு மட்டுமே திறக்கக்கூடியதாயிற்று.

கெர்னல் ஆக்குநர்கள் இதற்கிடையே தங்கள் தரப்பில் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வரைகலைச் செயலிகளைக் கொண்ட மடிக்கணினிகளில் ஒன்றின் படத்தை மற்றொன்றுக்குக் கடத்தித் தர வேண்டியிருந்தது. அதற்குரிய கெர்னல் வசதி, பொது உரிமத்தின் கீழ் உள்ள கூறுகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2012இல் அந்த வரையறையைத் தளர்த்தும்படி என்விடியா கேட்டபோது, தம் நிரலை மூடிய கூறுகளோடு சேர்ப்பதற்கு இசைவு தர முடியாது என்று ஆலன் காக்ஸ் உள்ளிட்டோர் மறுத்தனர். அதே ஆண்டு ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக நிகழ்ச்சியில் இத்தகைய மடிக்கணினியைப் பற்றிய கேள்விக்கு விடையளித்த டோர்வால்ட்ஸ், ஒளிப்படக் கருவியை நோக்கி நடுவிரலைக் காட்டி அந்நிறுவனத்தை வசைபாடினார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த விரலை. நிலைத்த பயன் தந்தது அதைவிட அமைதியான ஒரு விதி: வரைகலைக்காகக் கெர்னலில் புதிய இடைமுகம் எதையும் சேர்க்க வேண்டுமானால், அதைப் பயன்படுத்தும் வெளிப்பகுதி நிரலும் கட்டற்றதாக இருந்தே தீர வேண்டும் என்று கெர்னலின் வரைகலைப் பிரிவு வகுத்த விதி அது.

வேலண்ட் வந்தபோது வாதம் மீண்டும் டெஸ்க்டாப்பின் வாசலுக்கே திரும்பியது. ரெட் ஹேட் நிறுவனத்தில் இருந்த கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட், முதுமையடைந்த எக்ஸ் அமைப்புக்கு மாற்றாக, கம்போசிட்டரையே திரையின் முழு ஆட்சியாளராக்கும் ஏற்பாடு. நிரல்கள் வரைந்து முடித்த படங்களைக் கம்போசிட்டரிடம் ஒப்படைக்க நினைவகப் பகுதிகளை ஒதுக்கிப் பகிர வேண்டும். அதற்கு ஜிபிஎம் என்ற முறையை மெசா நூலகம் தந்தது. ஓபன்ஜிஎல் தரத்துக்குக் கட்டற்ற வடிவம் ஒன்றை எழுத 1993இல் பிரையன் பால் தொடங்கிய மெசா, இன்று கட்டற்ற வரைகலை இயக்கிகளின் பொதுவீடாக விளங்குகிறது. என்விடியா ஜிபிஎம்மை ஏற்காமல், இஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்ற வேறொரு முறையை 2016இல் தன் இயக்கியில் தந்து, கம்போசிட்டர்கள் அனைத்தும் அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தது. க்னோம் இணங்கி அதற்கான நிரலைச் சேர்த்தது. கேடிஈ, என்விடியாவே அந்நிரலை எழுதித் தந்த பிறகு 2019இல் ஏற்றது. ஸ்வே என்ற சிறிய கம்போசிட்டரின் ஆக்குநர்கள் மறுத்தே விட்டனர். மூடிய இயக்கியோடு அதைத் தொடங்க விரும்புவோர், தம் அடுத்த வரைகலை அட்டை என்விடியாவாக இராது என்று உறுதிகூறும் ஆங்கிலச் சொற்றொடரையே கட்டளையாகத் தட்டெழுத வேண்டியிருந்தது. நகைச்சுவையாகத் தோன்றினாலும், ஒரு நிறுவனத்தின் மூடிய நிரலுக்காகத் தனிப்பாதை எழுதினால், அதில் வரும் பிழைகளைத் திருத்தவே முடியாமல் என்றென்றும் பராமரிக்க நேரும் என்ற அவர்களுடைய கணிப்பு பிழையானதன்று. 2021 அக்டோபரில் வந்த 495 வரிசை இயக்கியில் என்விடியா ஜிபிஎம்மை ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டுக்கால இழுபறியில் இணங்கியவர்கள் எழுதிய நிரல் பயனற்றுப் போனது. மறுத்தவர்கள் காத்திருந்ததைத் தவிர வேறெதையும் இழக்கவில்லை. இழந்தவர்கள் என்விடியா அட்டையை வைத்திருந்த பயனர்கள். அவர்கள் அந்த ஆண்டுகளில் மினுங்கும் சாளரங்களோடு மல்லுக்கட்டினார்கள், அல்லது எக்ஸிலேயே தங்கினார்கள்.

2022 மே மாதத்தில் என்விடியா தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டபோது, பலர் வாதம் முடிந்துவிட்டதாகக் கருதினர். வெளியிடப்பட்டதைப் படித்தவர்களுக்கு அவ்வளவு உற்சாகம் ஏற்படவில்லை. 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்து அந்நிறுவனத்தின் சில்லுகளில் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலி ஒன்று உண்டு. முன்பு இயக்கி செய்த வேலைகளில் பெரும்பகுதி அதனுள் ஏற்றப்படும் மூடிய நிலைப்பொருளுக்கு மாற்றப்பட்டிருந்தது. வீட்டின் வாசலைத் திறந்துவிட்டு, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதைப் போன்றது இது. கெர்னலுக்கு வெளியே உள்ள பகுதியும் மூடியே இருந்தது. ஆனாலும் பயன் இல்லாமற் போகவில்லை. அந்த நிலைப்பொருளைப் பயன்படுத்திச் செயலியை முழு வேகத்தில் இயக்கும் வழி கட்டற்ற ஆக்குநர்களுக்குக் கிடைத்தது. ஃபெய்த் எக்ஸ்ட்ராண்ட் முதலியோர் 2022இல் அறிவித்த என்விகே என்ற வல்கன் இயக்கி மெசாவில் வளர்ந்தது. நூவோவின் கெர்னல் பகுதிக்கு அடுத்ததாக ரஸ்ட் மொழியில் நோவா என்ற புதிய இயக்கி எழுதப்பட்டு வருகிறது.

நிலைப்பொருளைப் பற்றிய கேள்வி கட்டற்ற மென்பொருளாளர்களையே பிளவுபடுத்தியிருக்கிறது. ஏஎம்டியின் கட்டற்ற இயக்கியும் மூடிய நிலைப்பொருள் இல்லாமல் முப்பரிமாணத்தை வரையாது. கொள்கைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற டெபியன் திட்டம் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய நிலைப்பொருள்களைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவுசெய்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 அவ்வாறே வந்தது. கணினியைத் தொடங்கியதும் கருந்திரையைக் காணும் புதியவர் கட்டற்ற மென்பொருளின் பக்கமே திரும்பமாட்டார் என்று ஆதரித்தோர் கூறினர். எல்லை ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வாங்கினால் கடைசியில் எல்லையே இராது என்று எதிர்த்தோர் கூறினர். இரண்டும் உண்மை. கெர்னல் அடுக்கில் மறுத்து நிற்பது பலன் தந்திருக்கிறது என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. பயனரின் முன்னிற்கும் டெஸ்க்டாப் அடுக்கில் அதே கடுமையைக் காட்டினால், நிறுவனத்துக்குப் போக வேண்டிய தண்டனை பயனருக்குப் போய்ச் சேர்கிறது. டெஸ்க்டாப்பை வடிவமைப்போர் செய்யக்கூடியது வேறொன்று: முப்பரிமாண முடுக்கம் குறைந்த கணினியிலும் இயங்கும் எளிய நிலை ஒன்றைத் தங்கள் வடிவமைப்பின் பகுதியாகவே வைத்திருப்பது. எக்ஸ்எஃப்சிஈ, மாட்டே போன்ற சூழல்கள் இன்றும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

லினக்ஸ் நிறுவும் எண்ணத்தோடு கணினி வாங்குவோர் மையச் செயலியின் வேகத்தைக் கேட்பதற்கு முன் வரைகலைச் செயலி எதுவென்று கேட்டறிவது நல்லது. இன்டெல், ஏஎம்டி வரைகலைக்கான கட்டற்ற இயக்கிகள் கெர்னலோடும் மெசாவோடும் சேர்ந்தே வந்துவிடும். பழைய என்விடியா அட்டையை மலிவாக வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைகளைத் தாங்கும் கடைசி வரிசை 580 என்று என்விடியா அறிவித்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற, பல வீடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பாஸ்கல் அட்டைகளில் ஜிஎஸ்பி செயலி இல்லாததால் நிறுவனம் திறந்துவிட்ட கெர்னல் கூறு அவற்றுக்குப் பொருந்தாது. கையொப்பத் தடை இருப்பதால் நூவோவாலும் அவற்றின் வேகத்தை உயர்த்த முடியாது. வேகத்தை உயர்த்துவதற்குரிய அந்த ஒரு நிலைப்பொருளை வெளியிடும் அதிகாரம் என்விடியாவிடம் மட்டுமே இருக்கிறது, அதை அது இன்னும் வெளியிடவில்லை.